நன்றி சொல்லக் கூடாத வைத்தியம்

அயர்லாந்தில் கேவன், லீட்ரிம், மோனகன் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்தாமரை கிளம்பிவிட்டால், விவசாயி இரண்டு பேரை நினைப்பார். ஒருவர் கால்நடை மருத்துவர். இன்னொருவர், ஊர்ப் பேச்சில் சொன்னால், "படர்தாமரைக்குக் கியூர் வைத்திருப்பவர்". அந்த இரண்டாமவர் லாரி ஓட்டுபவராக இருக்கலாம், பேரன் பேத்தி எடுத்த பாட்டியாக இருக்கலாம். வீட்டு வாசலில் போர்டு எதுவும் தொங்காது. ஆனால் ஊருக்குள் யாரைக் கேட்டாலும் வழி காட்டிவிடுவார்கள். இது நூறு வருடத்துக்கு முந்தைய கதை அல்ல, இன்றைக்கும் நடப்பதுதான்.

குணமாக்குவது என்று பொருள்படும் கியூர் என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் பயன்படுத்தும் விதத்தைக் கவனிக்க வேண்டும். "அவருக்குத் தீக்காயத்துக்கு வைத்தியம் தெரியும்" என்று சொல்வதில்லை, "அவரிடம் தீக்காயத்துக்கான கியூர் இருக்கிறது" என்பார்கள். நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது என்பதைப் போல அது ஓர் உடைமை. ஒருவரிடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், மிஞ்சினால் இரண்டு மூன்று. அக்கிக்குக் கியூர் வைத்திருப்பவரிடம் மருவைக் காட்டினால், அது என்னிடம் இல்லை, இன்னாரிடம் போ என்று அனுப்பிவிடுவார்.

அந்த உடைமைக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. காசு வாங்கக் கூடாது. தானாகப் போய் வைத்தியம் செய்கிறேன் என்று சொல்லக் கூடாது, நோயாளியோ வீட்டாரோ வாய் விட்டுக் கேட்க வேண்டும். பல இடங்களில் திங்கள், வியாழன், மறுபடி திங்கள் என்று மூன்று முறை வர வேண்டும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. வந்தவர் ஒரு பாக்கெட் தேயிலையையோ ஒரு பாட்டில் விஸ்கியையோ மேஜை ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம். அதைப் பற்றி இரண்டு பேருமே பேச மாட்டார்கள்.

ஐரிஷ் நாட்டு வைத்தியம் என்றதும் மூலிகைப் பட்டியல் போடுவதுதான் வழக்கம். மூலிகைகள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் என் கண்ணுக்கு இந்த மரபின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. யார் குணப்படுத்தலாம், அதற்கு ஈடாக எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற இந்த விதிகளில்தான் அது இருக்கிறது. மருந்துக்கடையும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகும் கியூர் சாகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த விதிகள்தான் என்று நம்புகிறேன்.

கியூர் ஒருவருக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால் இது புரியும். படித்தோ பழகியோ வருவது குறைவு. ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் என்றால், நடுவில் பெண் குழந்தை இல்லாமல் வரிசையாகப் பிறந்திருந்தால், அவன் கைராசிக்காரன். சில ஊர்களில் அந்தக் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு மண்புழுவை வைத்து மூடிக் கட்டுவார்கள், புழு செத்துவிட்டால் கையில் சக்தி இருப்பது உறுதி. தகப்பன் இறந்த பிறகு பிறந்து, தகப்பன் முகத்தையே பார்க்காத பிள்ளைக்கு வேறொரு கியூர். பச்சைக் குழந்தையின் வாயில் மாவு அப்பினாற்போல வெள்ளையாகப் புண் படர்ந்தால், அந்தப் பிள்ளை வந்து வாய்க்குள் ஊதினால் போதும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றாகவே அமைந்துவிட்ட பெண், கக்குவான் வந்த குழந்தைக்குத் தன் கையால் ரொட்டி தர வேண்டும். வெள்ளைக் குதிரையில் போகும் ஆளை வழிமறித்துக் கக்குவானுக்கு என்ன செய்வது என்று கேட்டால், அவர் வாயில் என்ன வருகிறதோ அதுவே மருந்து. இவர்கள் யாருமே உழைத்துச் சம்பாதித்த திறமை அல்ல இது. பிறப்பும் இழப்பும் திருமணமும் தற்செயலாகக் கையில் வைத்துவிட்டுப் போனது. சும்மா கிடைத்ததை எப்படி விற்பது? காசு வாங்கக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

தேடிப் போய்ப் பெறக்கூடிய கியூரும் ஒன்று உண்டு. அயர்லாந்தின் குளங்களில் நியூட் என்ற, பல்லியைப் போன்ற சின்னஞ்சிறு உயிர் வாழ்கிறது. அதைப் பிடித்து நாக்கால் நக்கியவருடைய நாக்குக்குத் தீக்காயத்தை ஆற்றும் சக்தி வந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க, காயத்தை அவர் நக்கினால் ஆறும். இதே உயிரைப் பற்றி இன்னொரு பயமும் உண்டு. ஓடைக்கரையில் வாயைத் திறந்து தூங்கினால் உள்ளே புகுந்துகொண்டு, நாம் சாப்பிடுவதையெல்லாம் தின்று நம்மை எலும்பும் தோலுமாக்கிவிடும் என்பார்கள். அவ்வளவு அஞ்சுகிற ஒன்றை நாக்கால் தொடுகிறவனுக்குத்தான் பலன் கிடைக்கிறது.

இதெல்லாம் நமக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரியக் காரணம் பள்ளிப் பிள்ளைகள். 1935-ல் தொடங்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஓர் அபாரமான வேலையைச் செய்தது. அன்றைய சுதந்திர அயர்லாந்தின் 26 மாவட்டங்களிலும் தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று தலைப்புகளைக் கொடுத்தார்கள். உள்ளூர் வைத்தியங்கள் ஒரு தலைப்பு, பண்ணை விலங்குகளைப் பேணுவது ஒரு தலைப்பு. சுமார் 5,000 பள்ளிகள் கலந்துகொண்டன. பிள்ளைகளின் நோட்டுகளும் அவற்றிலிருந்து தேர்ந்து எழுதிய தொகுதிகளும் சேர்ந்து சுமார் 7,40,000 பக்கங்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படும் தேசிய நாட்டார் தொகுப்பில் அவை இருக்கின்றன. அந்தத் தொகுப்பு 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். மை தொட்டு எழுதிய குண்டு குண்டான கையெழுத்தில், கண்கட்டிக்குக் கூஸ்பெரி என்ற முட்செடியின் பத்து முள்ளை எடுத்து, ஒன்பதைக் கட்டியை நோக்கிக் காட்டிவிட்டுப் பத்தாவதைத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அடுப்படியில் உட்கார்ந்து சொன்ன பாட்டியின் குரலே கேட்கிறது.

அப்புறம் மந்திரங்கள். ஐரிஷ் மொழியில் இவற்றுக்கு 'ஓர்ஹா' என்று பெயர். சுளுக்குக்கான ஓர்ஹா ஒரு குட்டிக் கதை. இயேசுவோ ஒரு புனிதரோ குதிரையில் போகிறார், குதிரையின் கால் பிசகிவிடுகிறது. அவர் இறங்கி வந்து இரத்தத்தோடு இரத்தத்தை, சதையோடு சதையை, எலும்போடு எலும்பைச் சேர்க்கிறார். அவர் அதைக் குணமாக்கியதைப் போல இதுவும் குணமாகட்டும். இதைச் சொல்லிக்கொண்டே காலில் நூலைக் கட்டுவார்கள். கேட்பதற்குக் கிறித்தவ மந்திரம். ஆனால் ஜெர்மனியில் மெர்ஸ்பர்க் நகரத்துச் சுவடி ஒன்றில், 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதி வைத்த மந்திரத்தில், இதே கதை வோடன் என்ற பழைய தெய்வத்தின் பெயரில் வருகிறது. குதிரைக் கால், பிசகு, எலும்போடு எலும்பு, இரத்தத்தோடு இரத்தம், எல்லாமே அங்கும் உண்டு. 1864-ல் அடால்பர்ட் கூன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை அதர்வண வேதத்தின் நான்காம் காண்டத்து மந்திரம் ஒன்றோடு ஒப்பிட்டார். அதில் மஜ்ஜையோடு மஜ்ஜை, தோலோடு தோல், எலும்போடு எலும்பு சேரட்டும் என்று முறிவுக்கு ஓதுகிறார்கள். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா, இல்லை உடைந்ததைச் சேர்க்கும்போது மனிதன் எங்கும் இப்படித்தான் பேசுவானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இரண்டாவதுதான் இயல்பாகப் படுகிறது. அடிபட்ட குழந்தையின் காலை நீவிவிடும் எந்தத் தாயும் வாயை மூடிக்கொண்டு நீவுவதில்லையே.

பழைய தெய்வங்களும் முழுக்க மறைந்துவிடவில்லை. ஸ்விட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் மடாலய நூலகத்தில் 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒற்றை ஏட்டில் பழைய ஐரிஷ் மந்திரங்கள் சில இருக்கின்றன. தைத்த முள்ளை எடுக்க, தலைவலி நீங்க, சிறுநீர்க் கடுப்பு தீர என்று நோய்க்கொரு மந்திரம். அதில் கொல்லர்களின் தெய்வமான கோயிப்னியுவின் பெயர் வருகிறது. மருத்துவத் தெய்வமான டியன் கேஹ்ட் தன் குடும்பத்துக்கு விட்டுச் சென்ற களிம்பின் மேல் நம்பிக்கை வைக்கிறேன் என்றும் வருகிறது. இதைப் பாதுகாத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். அந்த டியன் கேஹ்ட்டைப் பற்றி ஐரிஷ் புராணம் சொல்லும் கதை துயரமானது. தன்னைவிட மகன் மீயாஹ் பெரிய வைத்தியனாகிவிட்டான் என்ற பொறாமையில் அவனைக் கொன்றுவிடுகிறார். மகனின் புதைகுழியில், உடம்பின் மூட்டுகளுக்கும் நரம்புகளுக்கும் ஈடாக 365 மூலிகைகள் முளைக்கின்றன. மகள் ஏர்மெட் தன் மேலாடையை விரித்து, எது எந்த உறுப்புக்கு என்று பிரித்து அடுக்குகிறாள். தகப்பன் வந்து எல்லாவற்றையும் கலைத்துக் கொட்டிவிடுகிறார். அதனால்தான் எந்த மூலிகை எதற்கு என்று இன்றுவரை முழுதாக யாருக்கும் தெரியாதாம்.

மாட்டுக்கு வருவோம். இந்த மரபின் பாதி, மனிதரைவிட மாட்டைப் பற்றியதுதான். 19-ஆம் நூற்றாண்டின் ஏழை ஐரிஷ் குடும்பத்துக்கு ஒரே ஒரு கறவை மாடு என்பது பாலும் வெண்ணெயும் மட்டும் அல்ல, நிலச் சொந்தக்காரருக்குக் கட்ட வேண்டிய வாடகையும் அதில்தான் இருந்தது. மாடு விழுந்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். அயர்லாந்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி டப்ளினில் திறக்கப்பட்டதே 1900-ல்தான். அதுவரை கொட்டகையில் நின்றவர்கள் பெரும்பாலும் கியூர்க்காரர்களே.

புழுவினால் வயிற்றுவலி வந்து கன்று தரையில் புரண்டு உதைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கியூர் வைத்திருப்பவர் ஒரு சணல் கயிற்றோடு வருவார். கன்றின் முதுகுக்கு மேலே கயிற்றைப் பிடித்து, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சிக்கலான முடிச்சைப் போடுவார். இதற்கு 'புழு முடிச்சு' என்று பெயர். தந்தை, மகன், தூய ஆவி பெயரைச் சொல்லிக் கயிற்றின் இரண்டு முனைகளையும் இழுப்பார். முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்துவிட்டால் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் புழுவும் அவிழ்ந்துவிட்டது, கன்று எழுந்துவிடும். மூன்று முறை போடுவார். கயிறு சிக்கிக்கொண்டால் கன்று பிழைக்காது. நோய் என்ன, முடிவு என்ன என்று இரண்டையும் ஒரே கயிற்றில் சொல்லிவிடும் இந்தச் சடங்கை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த முடிச்சு அவிழும் நொடியில் மூச்சு நின்றிருக்கும்.

மாடு காரணம் தெரியாமல் சோர்ந்து படுத்தால், ஃபேரி என்ற, மனிதரைச் சீண்டும் மாயத் தேவதைகள் அம்பு எய்துவிட்டார்கள் என்பார்கள். தோலை அங்குலம் அங்குலமாகத் தடவி, வெளியே தெரியாத துளை இருக்கிறதா என்று விரலால் தேடுவார்கள். அந்த அம்பு முனைகள் நிஜமாகவே கையில் இருந்தன. ஏர் உழும்போது மண்ணிலிருந்து கிளம்பும் கற்கால மனிதர்களின் சிக்கிமுக்கிக் கல் முனைகள்தான் அவை. அவற்றைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரை மாட்டுக்குப் புகட்டுவார்கள். பல தலைமுறை இந்தக் கற்களைப் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் உண்டு.

கண் படுவதும் பெரிய பயம். அடுத்தவர் மாட்டைப் பார்த்து நல்ல மாடு என்று சொன்னால், கூடவே கடவுள் ஆசி தரட்டும் என்று சொல்லியே ஆக வேண்டும். வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர், ராஜாவே ஆனாலும், மத்தை வாங்கி நாலு கடை கடைந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இல்லையென்றால் வெண்ணெய் திரளாது, வந்தவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற சந்தேகம். மே மாதம் முதல் தேதி இதற்கு மிக மோசமான நாள். அன்று காலை அடுப்பிலிருந்து கங்கோ, வீட்டிலிருந்து பாலோ வெளியே போகக் கூடாது. வாசற்படியில் மஞ்சள் பூக்களைத் தூவி, மாட்டு வாலில் சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். ஜனவரி 31 இரவு மட்டும் மனசுக்கு இதம். அன்று புனித பிரிஜிட் ஊர் ஊராக வருகிறாள் என்று ஒரு துணியை வெளியே போட்டு வைப்பார்கள். பனியில் நனைந்த அந்தத் துணி வருடம் முழுக்க மருந்துப்பெட்டி. தலைவலிக்குத் தலையில் கட்டலாம், கன்று ஈனச் சிரமப்படும் மாட்டின் மேல் போர்த்தலாம்.

சரி, இவையெல்லாம் வேலை செய்தனவா?

கியூர் உள்ள நோய்களைச் சற்று உற்றுப் பாருங்கள். மரு, படர்தாமரை, அக்கி, கண்கட்டி, பொன்னுக்கு வீங்கி. பெரும்பாலும் தானாகவே போய்விடுகிற நோய்கள். மாட்டின் படர்தாமரை சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும், அக்கிக் கொப்புளம் நாலு வாரத்தில் காய்ந்துவிடும். மூன்று முறை வரச் சொல்லும் வைத்தியர் அந்தக் காலத்தை அழகாகக் கடத்திக் கொடுக்கிறார். பொன்னுக்கு வீங்கிக்குக் குழந்தையின் தலையில் கழுதைக் கடிவாளத்தை மாட்டி ஓடைக்கு நடத்திக்கொண்டு போவார்கள். வலியில் அழும் பிள்ளைக்கு அந்த ஊர்வலத்தைவிட நல்ல மருந்து அன்று யாரிடமும் இல்லை. ஆனால் கக்குவான் அப்படிப்பட்டது அல்ல. கழுதையின் வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைத்து எடுக்கப்பட்ட குழந்தைகளில் எத்தனையோ பேர் இறந்தும் போனார்கள். அதைக் குறைத்தது தடுப்பூசி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மூலிகைகளில் சில காலத்தைத் தாண்டி நின்றன. சதுப்பு நிலத்து ஸ்ஃபேக்னம் பாசியைக் காயத்தில் வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். அது தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அயர்லாந்தின் சதுப்பு நிலங்களிலிருந்து மூட்டை மூட்டையாகச் சேகரித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். ஃபாக்ஸ்குளோவ் என்ற, ஐரிஷில் 'பெரிய மூலிகை' என்று பெயர் பெற்ற செடியில் இதயத்துக்கான மருந்து இருக்கிறது. அளவு தப்பினால் அதே இலை ஆளைக் கொல்லும்.

என்னை அதிகம் நெகிழவைப்பது 'இதயக் காய்ச்சல்' என்பதற்கான கியூர். காய்ச்சல் என்று பெயரே தவிர உடம்பு சுடாது. ஒரு துக்கத்துக்குப் பிறகு சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் ஆள் ஒடுங்கிப்போவதுதான் அது. ஒரு கோப்பை நிறைய ஓட்ஸ் மாவைத் தட்டித் தலைவழித்து, துணியால் இறுக மூடி, நோயாளியின் நெஞ்சில், விலாவில், முதுகில் வைத்து வைத்து எடுப்பார்கள், வாய்க்குள் ஜெபம் ஓடும். துணியைப் பிரித்தால் கோப்பையின் ஒரு பக்கத்தில் மாவு குறைந்திருக்கும். அந்தக் குறை, இதயத்தில் உள்ள குறை. அடுத்த முறை குறை சிறிதாகும், கடைசி முறை கோப்பை நிறைந்தே இருக்கும். ஆட்ட ஆட்ட மாவு இறுகி அமர்வதுதான் என்று விளக்கிவிடலாம். ஆனால் உனக்குள் ஏதோ குறைந்திருக்கிறது, இதோ பார், எனக்கும் தெரிகிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் காட்டுகிறாரே, அதற்கு ஈடாக என்ன இருக்கிறது?

இந்த மரபை நேசிக்கிறவர்கள் அதன் இருட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கிளேர் மாவட்டம் ஃபீக்கிள் ஊர்ப் பக்கம் வாழ்ந்த பிட்டி எர்லி (1798–1874) காசு வாங்க மாட்டார், ஏழைகள் கொண்டுவரும் சாராயமும் பண்டமும் போதும். கையில் ஒரு நீலக் கண்ணாடிக் குப்பி, அதில் பார்த்துக் குறி சொல்வார். பாதிரியார்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1865-ல் சூனிய வழக்குக்காக நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டார், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் ஆள் வரவில்லை என்பது அங்கே வழங்கும் கதை. அது ஒரு பக்கம். மறுபக்கம் 1895 மார்ச், டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லீ. பிரிட்ஜெட் கிளியரி, 26 வயது, சொந்தத் தையல் மெஷின் வைத்துத் தொழில் செய்த பெண். சளிக் காய்ச்சலில் படுத்தவரை, இவள் என் மனைவி அல்ல, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போனது என்று கணவன் மைக்கேல் சொன்னான். மூலிகையைப் பாலில் காய்ச்சி வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினார்கள். நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவன் அவரை எரித்துக் கொன்றான். உறவினர்கள் சுற்றி இருந்தார்கள். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டு தண்டனை தந்தது, 15 ஆண்டு சிறையில் இருந்தான். கியூரின் விதிகளில் ஒன்று, கேட்டால்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்பது. பிரிட்ஜெட் கேட்கவில்லை.

கடைசியாக ஃபெர்மானா மாவட்டம். வட அயர்லாந்தில் இருக்கிறது, எழுத்தில் போஹோ, வாயில் 'போ' என்று அழைக்கும் சின்னக் கிராமம். அங்குள்ள தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் மெகர் என்ற பாதிரியார் 1815-ல் அடக்கமானார். நான் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் குணமாக்கினேனோ, அதையெல்லாம் என் மேல் கிடக்கும் மண் குணமாக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாக ஊரில் நம்பிக்கை. ஒரு கரண்டி மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்கள்.

2018-ல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று அந்த மண்ணிலிருந்து அதுவரை அறியப்படாத ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கிடைத்ததே இந்தக் குடும்பத்திலிருந்துதான். ஆய்வகத் தட்டில் வைத்தபோது, எம்.ஆர்.எஸ்.ஏ. உட்பட மருந்துக்கு அடங்காத கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியை அது தடுத்தது. குழுவில் இருந்த ஜெரி குவின் அந்தப் பக்கத்துக்காரர், மண்ணின் கதையைக் கேட்டு வளர்ந்தவர். தட்டில் கிருமியைத் தடுப்பதும் தலையணைக்கு அடியில் இருந்து நோயைத் தீர்ப்பதும் ஒன்றல்ல, அந்தத் துணி முடிச்சிலிருந்து பாக்டீரியா யாருடைய பல்வலிக்குள்ளும் போயிருக்க முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய நாட்டில் எந்த மண்ணைத் தோண்டிப் பார்ப்பது என்று ஓர் ஆராய்ச்சியாளருக்கு வழி சொன்னது அந்த ஊரின் ஞாபகம்தான்.

அந்த மண்ணுக்கும் விதி உண்டு. எடுத்துப் போனவர் நாலு நாளைக்குள் திரும்ப வந்து, எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும்.